கல்லைத் தன் ஓட்டோடு சேர்த்துக் கட்டும் கடல் நத்தை

பாலக்கோட்டைச் சேர்ந்த வாசகி ஒருவர், இராமேசுவரம் சென்றுவந்த உறவினர் வாங்கிக்கொடுத்த ஒரு சங்கை எடுத்துவந்து என்னிடம் காட்டினார். உள்ளங்கையில் அடங்கும் கூம்பு வடிவ ஓடு. அதன் மேலெல்லாம் கற்துண்டுகளும் உடைந்த சிப்பிகளும் சிறு நத்தை ஓடுகளும் வரிசையாகப் பதிந்திருந்தன. பூசையறையில் வைத்தால் செல்வம் சேரும் என்று விற்றவர் சொன்னாராம். கடைக்காரரே பசை தடவி ஒட்டியிருப்பார் என்று வீட்டிலுள்ளவர்கள் சொன்னார்களாம். இரண்டில் எது சரி என்பதுதான் அவருடைய கேள்வி.

இரண்டும் சரியல்ல. அந்தக் கற்களை ஒட்டியது, அந்த ஓட்டுக்குள் வாழ்ந்த நத்தையேதான். ஜெனோஃபோரா என்பது அதன் பேரினப் பெயர். 'அயற்பொருளைச் சுமப்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு, 1807ஆம் ஆண்டில் ஃபிஷர் ஃபான் வால்டைம் என்ற இயற்கையியலாளர் அப்பெயரைச் சூட்டினார். வெப்பக் கடல்களின் அடித்தரையில், மணலிலும் சேற்றிலும் படியும் மக்கிய பொருள்களையும் நுண்ணுயிர்களையும் தின்று இவை வாழ்கின்றன.

ஒட்டும் முறையைப் புரிந்துகொள்ள, நத்தை ஓடு எப்படி வளர்கிறது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். நத்தையின் உடலைப் போர்த்தியிருக்கும் மேன்டில் என்னும் சதைப்படலத்தின் விளிம்பு, முதலில் மெல்லிய புரதப் படலம் ஒன்றைச் சுரக்கிறது. பின்பு அதன் உட்புறத்தில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் அடுக்கடுக்காகப் படிகின்றன. பழைய வீடுகளின் சுவர்களுக்குப் பூசிய கிளிஞ்சல் சுண்ணாம்பு இறுகிய பின் எந்தப் பொருளாக மாறுகிறதோ, அதே பொருள்தான் இது. புதிய சுண்ணாம்பு சேர்ந்து ஓடு நீள்வது வாயின் ஓரத்தில் மட்டுமே என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். முன்பே உருவான சுற்றுகளின் மேற்பரப்பு அதன் பிறகு வளர்வதில்லை. ஆகவே இந்த நத்தை ஒரு கல்லைப் பதிக்க விரும்பினால், வளர்ந்துகொண்டிருக்கும் அந்த விளிம்பில்தான் பதித்தாக வேண்டும்.

அதை அது செய்யும் விதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தகுந்த துண்டு ஒன்றைக் கண்டதும், தும்பிக்கைபோல நீளும் வாய்ப்பகுதியால் அதைத் துப்புரவாக்குகிறது. பதிக்கவேண்டிய ஓட்டு விளிம்பையும் அவ்வாறே துப்புரவாக்குகிறது. பிறகு தலையாலும் பாதத்தாலும் அந்தத் துண்டைத் தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து விளிம்போடு பொருத்துகிறது. பொருத்தி முடித்தபின் ஏறத்தாழ 10 மணி நேரம் வரை இடம்விட்டு நகராமல், மேன்டில் சுரக்கும் பொருள் இறுகுவதற்காகக் காத்திருக்கிறது; இடையிடையே ஓட்டை இலேசாக அசைத்து, கல் நிற்கிறதா என்று சோதித்தும் பார்க்கிறது. கலவை இறுகும்வரை கல்லைத் தாங்கிப்பிடிக்கும் கொத்தனாரை நம் ஊர்ப்பக்கம் எல்லோரும் பார்த்திருப்போம். இங்கே கொத்தனாரின் உடலே கலவையையும் சுரக்கிறது, கட்டப்படும் சுவரும் அவர் குடியிருக்கும் வீடாகவே இருக்கிறது. அதன்பின் ஓடு மேலும் வளரும்போது, புதிய சுண்ணாம்பு கல்லின் அடிப்பகுதியைச் சுற்றி வளைத்துக் கவ்விக்கொள்கிறது.

கிடைத்த பொருளைக் கிடைத்தவாறு அது ஒட்டுவதுமில்லை. இரட்டைச் சிப்பியின் ஓடானால் குழிந்த உட்புறம் மேல்நோக்கி இருக்குமாறும், நீண்ட நத்தை ஓடானால் சக்கரத்தின் ஆரக்கால்போல வெளிப்புறம் நீட்டிக்கொண்டிருக்குமாறும் வைக்கிறது. உட்புறம் தெரியும் சிப்பி, உயிரற்ற வெற்று ஓடாகவே எதிரியின் கண்ணுக்குப் படும் என்பது ஆய்வாளர்கள் கூறும் ஒரு விளக்கம். நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள், சேற்றில் ஓடு புதையாமலும் தாங்குகின்றன. எதிரி கவ்வ முடியாத அளவுக்கு உருவத்தையும் பெரிதாக்குகின்றன. எனக்கு இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டிய தேவை தெரியவில்லை. ஒரே பழக்கம் பல பயன்களைத் தருவது உயிருலகில் அரிதன்று. டெவோனியன் காலத்தில், அதாவது ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, இவற்றுக்கு நெருங்கிய உறவில்லாத வேறு நத்தைகளும் ஓட்டில் அயற்பொருள்களை ஒட்டி வாழ்ந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன.

இங்கே ஒரு கருத்தைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஒரு நத்தை கல் ஒட்டுவதை, தொட்டியருகே பகலும் இரவும் அமர்ந்து யாரோ பொறுமையாகப் பார்த்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. சந்தையில் விலைபோகும் இறாலையும் மீனையும் ஆராய்வதற்குப் பணம் ஒதுக்குவது தேவைதான். ஆனால் வலையில் தவறி வந்து கரையில் கொட்டப்படும் இத்தகைய உயிர்களைக் கவனிக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் ஒரு பங்கு கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். செல்வம் தரும் சங்கு என்ற பேச்சு பரவுமளவுக்கு, அந்த உயிர் எப்படி வாழ்ந்தது என்ற செய்தி பரவாதது எனக்கு வருத்தமளிக்கிறது.

வாசகி கொண்டுவந்த ஓட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தோம். ஓரிடத்தில் ஒரு கல் உதிர்ந்துவிட்டிருந்தது. அங்கே பசையின் தடம் எதுவும் இல்லை, அந்தக் கல்லின் வடிவத்துக்கு ஏற்ற பள்ளமும், அதன் ஓரத்தில் உயர்ந்து நின்ற சுண்ணாம்பு வரம்பும் இருந்தன. கீழ்ச் சுற்றின் விளிம்பில் கட்டைவிரல் நகமளவுச் சிப்பிகள். ஒவ்வொரு சுற்றாக மேலே போகப்போக அவை சிறுத்துக்கொண்டே சென்றன. உச்சிக்கு அருகில், அந்த நத்தை மிகச் சிறியதாக இருந்த நாளில் தூக்கிவைத்த கருநிறக் கல் ஒன்று, கேழ்வரகு மணியைவிடப் பெரிதாக இல்லாமல், அப்படியே பதிந்திருந்தது.