பெரியோடான்டைட்டிஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

பல்லைச் சுற்றியுள்ள ஈறையும் எலும்பையும் கெடுக்கும் ஒரு நோயைப் பல் மருத்துவர் 'பெரியோடான்டைட்டிஸ்' என்று எழுதித் தருவார். அதை நம் வீட்டுப் பெரியவர்கள் 'பயோரியா' என்பார்கள். இரண்டுமே கிரேக்க வேர்களில் பிறந்தவை. பயோரியா என்றால் சீழ் ஒழுகுதல். நோய் முற்றிய பிறகு கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அந்தப் பெயர் சொல்கிறது. மற்றதில் 'பெரி' என்பது சுற்றி, 'ஓடூஸ்' என்பது பல். 'ஐட்டிஸ்' விகுதிக்கு முதலில் 'அதைச் சார்ந்த' என்பதுதான் பொருள். பின்னாளில் மருத்துவத்தில் அழற்சியைக் குறிப்பதாக நிலைத்துவிட்டது.

'ஈறு நோய்' என்றால் போதாதா? இலங்கையில் ஈறை முரசு என்பார்கள். அங்கே 'முரசு நோய்'. பேச்சுக்கு இவை சரி. ஆனால் பல்லைச் சுற்றி ஈறு மட்டுமா இருக்கிறது? வேரை எலும்போடு பிணைக்கும் நார்களும், வேரைத் தாங்கும் தாடை எலும்பும் இருக்கின்றன. ஈறோடு நின்றால் அது ஈறழற்சி. டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறழற்சி வந்தது. மறுபடி துலக்கியதும் ஆறிவிட்டது. எலும்பு கரைந்துவிட்டால் அப்படித் தானாகத் திரும்பாது. அதனால் 'பற்சூழ் அழற்சி' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அழற்சி என்ற சொல்லை இங்கே விடவே கூடாது. அழல் என்றால் நெருப்பு. இங்கே எரிவது நம் உடலின் எதிர்வினை. இந்நோயின் முக்கியக் கிருமிகளில் ஒன்று போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். அது ஜிஞ்சிபெய்ன் என்ற நொதிகளால் ஈறின் புரதங்களை வெட்டுகிறது, நம் எதிர்ப்புப் புரதங்களையும் சிதைக்கிறது. உடலைக் காக்கும் எதிர்ப்பு உயிரணுக்கள் விழித்து இன்டர்லூக்கின்-1, டிஎன்எஃப் போன்ற வேதித் தூதுகளை அனுப்புகின்றன. பல்லில் ஒட்டிய கிருமிப் படலம் போகாதவரை அவையும் ஓய்வதில்லை. விளைவாக ராங்க்-எல் என்ற புரதம் பெருகி, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் உயிரணுக்களை உருவாக்குகிறது. ராங்க்-எல்லுக்குக் கடிவாளம் போடும் ஆஸ்டியோபுரோட்டிஜெரின் என்ற புரதத்தால் அந்த அளவுக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. கிருமி எலும்பைத் தின்றுவிட்டது என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையில் கரைப்பது நம் சொந்த உயிரணுக்கள்.

இவ்வளவும் பெரும்பாலும் வலியில்லாமல் நடக்கும். துலக்கும்போது வரும் ரத்தம்தான் முதல் எச்சரிக்கை. புகைப்பவர்களுக்கு அதுவும் குறைவாகவே தெரியும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு நோய் இன்னும் வேகமாக முற்றும்.

அப்புறம், 'கிளீன் பண்ணினால் பல் ஆடும்' என்ற பயம். எலும்பு ஏற்கெனவே குறைந்திருந்தால், அதுவரை பற்களைச் சேர்த்துப் பிடித்திருந்த காரை (பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கு) போனதும் ஆட்டம் தெரியவரும். ஆட்டத்துக்குக் காரணம் கரைந்துபோன எலும்பு. காரையை அங்கேயே விட்டால் அதன்மேல் கிருமிப் படலம் தங்கி, மிச்ச எலும்பும் கரையும்.