டார்க்னா 'முறுக்கு விசை' இல்லீங்க

வண்டி ரிப்பேர் வீடியோ எதைத் தொறந்தாலும் "இந்த போல்ட்டுக்கு இவ்ளோ முறுக்கு விசை குடுங்க"ன்னு சொல்றாங்க. தமிழ்ல சொல்றது சந்தோஷம்தான், ஆனா இங்கிலீஷ்ல டார்க்னு (torque, ஒண்ணைத் திருப்பற அளவு) சொல்றதுக்கு அந்தச் சொல்லு தப்பு, அதை நம்பி ஸ்பானர் புடிச்சா போல்ட்டு ஒடியும்.

டார்க்ங்கற சொல்லோட பிறப்பைச் சட்டுனு சொல்லிடறேன். லத்தீன்ல டார்க்குவேரேன்னா முறுக்கறது. இயந்திரவியல்ல 'டார்க்'னு பேர் வைக்கலாம்னு 1884ல சொன்னவர் ஜேம்ஸ் தாம்சன், இயற்பியல் அறிஞர் லார்டு கெல்வினோட அண்ணன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். விசைன்னா தள்றது, இழுக்கறது. டார்க் அது கிடையாது, விசையையும் அது அச்சுலேர்ந்து எவ்ளோ தள்ளி விழுதுங்கற தூரத்தையும் பெருக்கினா வர்றது, அதனாலதான் அலகே நியூட்டன் மீட்டர். 50 நியூட்டன் மீட்டர் வேணும்னா கால் மீட்டர் ஸ்பானரை ஏறக்குறைய 20 கிலோ கனத்துக்கு இழுக்கணும், அதே ஸ்பானர்ல பைப்பைச் சொருகி அரை மீட்டர் ஆக்கிட்டா 10 கிலோவே போதும். 'விசை'ன்னு கத்துக்கிட்ட பையன் பைப்பு போட்ட பிறகும் கைக்குப் பழைய கனம் வர்ற வரைக்கும் இழுப்பான், டார்க் ரெண்டு மடங்கு ஏறி போல்ட்டோட கழுத்து சிறுத்துடும், இல்லன்னா மரை போயிடும்.

'முறுக்கு'ங்கற பாதியும் சரியில்ல. லத்தீன்ல அப்படித்தானேன்னு கேப்பாங்க, லத்தீன்ல என்னவா இருந்தா நமக்கென்ன, தமிழ்ல கயிறை முறுக்கறோம், ஈரத்துணிய முறுக்கறோம், அங்க பொருளே உரு மாறுது. போல்ட்டைத் திருப்பறோம். பழைய மாருதி ஆம்னி வேன்ல இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில, ஓடறது பின் சக்கரம், நடுவுல இன்ஜின் சுத்தறதைப் பின்னாடி கொண்டு போற நீளத் தண்டு, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டு. அதுக்கு டார்க் போறது ஒண்ணு, அதனால ஷாஃப்ட்டு துளியூண்டு முறுக்கிக்கறது வேற ஒண்ணு. 'முறுக்கம்'னு பேர் வேண்டியது ரெண்டாவதுக்கு, அதைத் தூக்கி முதல்ல இருக்கறதுக்குக் குடுத்துட்டா அப்புறம் ரெண்டாவதை என்னன்னு சொல்றது?

நம்ம பள்ளிக்கூடப் புஸ்தகத்துல பத்தாவதுல 'திருப்புத்திறன்', பதினொண்ணாவதுல 'திருப்பு விசை'. முன்பாதி அருமை, பின்பாதிதான் கெடுக்குது. திறன்ங்கற பேரைப் பவருக்கு ஏற்கனவே குடுத்தாச்சு, வண்டி விவரத்துல பவரும் டார்க்கும் அடுத்தடுத்த வரியில வரும், ரெண்டுத்துக்கும் திறன்னா படிக்கறவன் எதை எதுன்னு எடுப்பான்? என் ஓட்டு 'திருப்புமை'க்கு. விசையும் இல்ல, திறனும் இல்ல, கேட்டாலே திருப்பறது சம்பந்தப்பட்ட ஒரு அளவுன்னு புரியுது.

எங்க கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் இது ரொம்ப முக்கியம். மீன் பெட்டி ஏத்தற பழைய வேனுல ஐஸ் தண்ணியும் உப்பும் கீழ சொட்டி, ஷாஃப்ட்டு முனையில இருக்கற ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கற தட்டு) போல்ட்டுல மரை பூரா செவசெவன்னு துரு. நாம குடுக்கற திருப்புமையில சுமார் பத்துல ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து ஃபிளாஞ்சைக் கவ்வ வைக்குது, மிச்சத்தை மரையிலயும் தலைக்கு அடியிலயும் உராய்வு தின்னுடும். துரு இருந்தா இன்னும் தின்னும், வச்ச அளவு வந்ததும் டார்க் ரெஞ்ச் 'க்ளிக்'குன்னு சொல்லும், ஆனா போல்ட்டு சரியா கவ்வியிருக்காது, கொஞ்ச நாள்ல லூஸாகி வண்டி தடதடங்கும். ஒயர் பிரஷ் போட்டு மரையைத் தேச்சு, எதிரெதிர் போல்ட்டா ரெண்டு சுத்துல டைட் பண்ணணும். எண்ணெய் தடவிட்டு காஞ்ச மரைக்குப் போட்ட கணக்கையே வச்சா அதுவும் ஆபத்து, உராய்வு குறைஞ்சு போல்ட்டு அளவுக்கு மேல இழுபடும்.

மொழிபெயர்க்கறவங்க இன்னொரு வேலையும் பண்றாங்க. பழைய மேனுவல்ல 5 கிலோகிராம் மீட்டர்னு இருக்கும், அதாவது சுமார் 49 நியூட்டன் மீட்டர். அதுல மீட்டரை முழுங்கிட்டு '5 கிலோ முறுக்கு விசை'ன்னு எழுதி வைக்கறாங்க. எந்த நீள ஸ்பானர்ல 5 கிலோன்னு யாராவது அவங்கள கேக்கணும். பட்டறையில டார்க்னே சொல்லிட்டுப் போகட்டும், எழுதறவங்க திருப்புமைன்னு எழுதி பக்கத்துல அலகை முழுசா போடுங்க.