ஸ்ட்ரோக் என்ற சொல்லும் நாலரை மணி நேரமும்

ஸ்ட்ரோக் என்றால் இதய நோய் என்று நினைப்பவர்களை நரம்பியல் மருத்துவராக நான் தினமும் பார்க்கிறேன். நெஞ்சு வலிக்கவில்லையே என்ற நிம்மதியில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஸ்ட்ரோக் மூளையில் வருவது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடும், அல்லது வெடிக்கும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'அடி' என்று பொருள். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இந்த நோயைக் 'கடவுள் கையின் அடி' என்றார்கள். நாளடைவில் கடவுளும் கையும் உதிர்ந்து அடி மட்டும் நின்றது. இந்நோய்க்கு அதற்கும் முந்தைய பெயரான 'அப்போப்ளெக்ஸி' கிரேக்கத்திலிருந்து வந்தது. அதுவும் அடித்து வீழ்த்துவதையே குறிக்கும். கடுமையாக வந்தால் குணப்படுத்தவே முடியாது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல் கைவிரித்துவிட்டது. நம் ஊரிலும் 'வாதம் அடித்துவிட்டது' என்றுதானே சொல்கிறோம்! 1658-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் யாகோப் வெப்ஃபர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து உள்ளே ரத்தம் கசிந்திருந்ததை எழுதிவைத்தார். அடித்தது யார் என்பது அன்றே தெரியத் தொடங்கிவிட்டது.

ஆனாலும் விதி அடித்துவிட்டது, இனி மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம்மை விடவில்லை. காலையில் கை விழுந்தவரை மாலையில் அழைத்து வருகிறார்கள். விழுந்த கையில் தைல வாசனை அடிக்கும். புறா ரத்தம் தேய்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. தேய்ப்பது கையை; செத்துக்கொண்டிருப்பது மூளை.

அவசரப் பிரிவில் நாங்கள் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதுதான். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூங்கி எழும்போதே வாய் கோணியிருந்தால், எழுந்த நேரத்தைச் சொல்லாதீர்கள். படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள். ஊசிக்கான நேரம் தாண்டினாலும் சிலருக்கு 24 மணி நேரம் வரை குழாய் வழியாக அடைப்பை எடுக்க முடிகிறது. அதனால் தாமதமாகிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம்.

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் வாருங்கள். பெரிய ஸ்ட்ரோக்குக்கு முன் இப்படி வந்து போவதுண்டு. விழுங்கும் தசைகள் தளர்ந்திருக்கலாம் என்பதால் தண்ணீர், காபி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் அந்த மாத்திரை அதைக் கூட்டிவிடும்.