புர்ஜ் கலிஃபாவுக்கு எந்த நேரத்து டிக்கெட்?

துபாயின் 828 மீட்டர் கோபுரத்தில் பார்வையாளர் தளங்கள் இரண்டு உயரங்களில் உள்ளன. 124, 125ஆம் மாடிகள் சுமார் 450 மீட்டரில். 148ஆம் மாடி 555 மீட்டரில். மேல்தளத்துக்கு டிக்கெட் விலை கணிசமாகக் கூடுதல். அந்தப் பணத்துக்கு எவ்வளவு தூரம் கூடுதலாகத் தெரியும்? உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வந்துவிடும். 450 மீட்டருக்கு 76 கி.மீ., 555 மீட்டருக்கு 84 கி.மீ. அந்த 8 கி.மீ.யையும் வளைகுடாவின் புழுதி விழுங்கிவிடும். நெரிசல் வேண்டாம் என்பவர்கள் 148க்குப் போகட்டும். காட்சிக்கு 124 தாராளம்.

காட்சியைத் தீர்மானிப்பது காற்றின் தெளிவுதான். கோடையில் வடமேற்குக் காற்று பாலைவனத் தூசியைக் கிளப்பும். கடலிலிருந்து வரும் ஈரத்தை உப்புத் துகள்கள் உறிஞ்சி உப்புவதால் வானம் பால்போல் வெளுத்துவிடும். கிளம்புமுன் துபாய் விமான நிலையத்தின் வானிலை அறிக்கையைப் பாருங்கள்; அது கோபுரத்திலிருந்து சுமார் 11 கி.மீ.தான். மீட்டரில் தரப்படும் பார்வைத் தூரம் 9999 என்றிருந்தால் 10 கி.மீ.க்கு மேல் தெளிவு என்று பொருள். 4000 என்றிருந்தால், 15 கி.மீ.க்கு அப்பாலுள்ள பனைமர வடிவச் செயற்கைத் தீவு பாம் ஜுமேரா கண்ணில் படாது. அதனால் பயணத்தின் முதல் நாளே முன்பதிவு செய்துவிடாமல், இரண்டு மூன்று நாள் கையில் இருக்கும்போது அறிக்கையைப் பார்த்து எடுப்பது நல்லது. குளிர்காலக் காலைகளில் மூடுபனி வேறு கதை: பனி தாழ்வாகப் படிந்த நாளில் தளம் அதற்கு மேலே நிற்கும், மற்ற கோபுரங்களின் தலைகள் மட்டும் வெளியே தெரியும்.

இனி சூரியன். உயரே நிற்பவருக்கு அடிவானம் கண்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. 450 மீட்டரில் சுமார் 0.68 பாகை. துபாயின் அட்சரேகையில் மாலைச் சூரியன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.23 பாகை கீழிறங்குகிறது. வகுத்தால் 3 நிமிடம். தரையில் மறைந்த சூரியன் 124ஆம் மாடியில் இன்னும் 3 நிமிடம் நிற்கும். கற்பனைக் கணக்கில்லை இது: 2011இல் துபாயின் மார்க்க அறிஞர்கள், 80ஆம் மாடிக்கு மேல் வசிப்போர் 2 நிமிடமும் 150க்கு மேல் 3 நிமிடமும் தாமதித்தே நோன்பு திறக்க வேண்டும் என்றார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் அஸ்தமனம் 5.30 வாக்கில், ஜூன் கடைசியில் 7.10 வாக்கில். டிக்கெட்டில் இருப்பது நுழைவு நேரம். சோதனை, வரிசை, லிஃப்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான். அஸ்தமனத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முந்தைய நுழைவை எடுத்தால் பகல், அந்தி, விளக்கொளி மூன்றும் கிடைக்கும். அந்த வேளைக்கு விலை அதிகம், சீக்கிரம் தீர்ந்தும் போகும். மெட்ரோவில் வருபவர்கள் நிலையத்திலிருந்து, கோபுரத்தின் நுழைவாயில் இருக்கும் துபாய் மாலுக்கான நீண்ட நடைபாலத்துக்குக் கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

லிஃப்ட் நொடிக்கு 10 மீட்டர் ஏறி ஒரு நிமிடத்தில் மேலே சேர்க்கிறது. அதற்குள் காற்றழுத்தம் 5 சதவீதம் குறைகிறது. ஏறும்போது நடுக்காதின் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் தொல்லை: தொண்டைக்கும் காதுக்கும் இடையிலான குழாய் ஒட்டிக்கொண்டு காற்றை உள்ளே விடாது. எச்சில் விழுங்கினால் திறக்கும். கைக்குழந்தைக்குப் பால் புட்டியை இறங்கும்போது கொடுங்கள். கடும் சளி இருந்தால் வேறு நாள் பார்த்துக்கொள்வது மேல்.

இருட்டியபின் கண்ணாடியில் உள்விளக்குகள் பிரதிபலித்துப் படத்தைக் கெடுக்கும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் மூடுங்கள். பளபளப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைஸர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். வெப்பத்தால் வலுவூட்டிய கண்ணாடியில் உறைந்திருக்கும் அழுத்தம் அந்த ஃபில்டர் வழியே கறைத் திட்டுகளாகத் தெரியும். 124இன் திறந்தவெளிப் பகுதியில் கண்ணாடிப் பலகைகளுக்கு இடையே குறுகிய இடைவெளிகள் உண்டு. செல்போன் கேமராவுக்கு அதுவே போதும்.