ஹனகொ ஏன் ஹன-சன் ஆகிறாள்?

ஜப்பானின் குடும்பப் பதிவேட்டில் பெயரின் ஒலிப்பையும் குறிக்க வேண்டும் என்ற சட்டத்திருத்தம் 2025 மே 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை பெயருக்குரிய எழுத்துகள் மட்டுமே பதிவாயின. சீன எழுத்து ஒன்றைப் பலவாறு ஒலிக்கலாம் என்பதால், 1001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இறந்த ஒரு பேரரசியின் பெயரைத் தேஷி என்றும் ஸதகொ என்றும் இன்று இருவிதமாகப் படிக்கிறார்கள். இச்செய்தியைக் கண்ட வாசகர் ஒருவர், ஜப்பானியப் பெண்பெயர்களின் இறுதியில் வரும் 'கோ' செல்லப்பெயரில் மறைந்துவிடுவது ஏன் என்று கேட்டிருந்தார்.

நாம் 'கோ' என எழுதினாலும் அது குறிலாகிய 'கொ'. குழந்தை என்று பொருள். ஒலியொற்றுமையை மட்டும் வைத்து அரசனைக் குறிக்கும் நம் 'கோ'வுடன் அதை இணைப்பது ஆராய்ச்சி ஆகாது. தொடக்கத்தில் ஆண்களும் இவ்விகுதியைக் கொண்டிருந்தனர். 607இல் சீனாவுக்குத் தூது சென்ற ஒனொ நொ இமொகொ ஓர் ஆண். ஒன்பதாம் நூற்றாண்டில் பேரரசர் ஸகா தம் மகள்களுக்கு இவ்வகைப் பெயர்களைச் சூட்டியதிலிருந்து இது உயர்குடிப் பெண்களின் அடையாளமாயிற்று. மெய்ஜி காலத்திலும் (1868–1912) அதன் பின்னரும்தான் சாதாரணக் குடும்பங்கள் இதைப் பரவலாக ஏற்றன. அதற்கு முந்தைய எடோ காலத்து எளிய பெண்களின் பெயர்கள் ஹரு (வசந்தம்), கிகு (செவ்வந்தி), உமெ என்று பெரும்பாலும் குறுகியவை. மரியாதைக்கு முன்னால் ஒரு 'ஒ' சேர்த்து ஒஹரு, ஒகிகு என்பார்கள்.

செல்லப்பெயரின் நுட்பத்தை விளங்கிக்கொள்ள நம் இலக்கணத்தின் மாத்திரையே போதும். ஜப்பானியத்திலும் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஆனால் நாம் அரை மாத்திரை தரும் மெய்க்கு அங்கே முழு மாத்திரை உண்டு. பெயரின் தொடக்கத்திலிருந்து சரியாக இரண்டு மாத்திரையை எடுத்து, 'அச்சம்' என்பதில் கேட்கும் வல்லினச் சகரத்துடன் 'சன்' என்ற செல்ல விகுதியைச் சேர்ப்பதே பொது விதி. ஹனகொவின் இரு குறில்களும் அப்படியே நிற்க, ஹன-சன் கிடைக்கிறது. மிதொரியை மிதொ-சன் எனலாம். முதல் குறிலை மட்டும் எடுத்தால் ஒரு மாத்திரை குறையும், ஆகவே அதை நீட்டி மீ-சன் என்பார்கள். ஜுன்கொவில் மெய்யே இரண்டாம் மாத்திரையாகி ஜுன்-சன் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது எத்ஸுகொ: முதல் உயிருக்குப் பின் வரும் மெய் மட்டும் எஞ்சி, அடுத்த சகரத்தோடு இரட்டித்து, எச்-சன் ஆகிவிடுகிறது. வழிகள் வெவ்வேறாயினும், அளவு ஒன்றே.

மொழியியலாளர் வில்லியம் போசர் 1990இல் இச்செல்லப்பெயர்களையே சான்றாக வைத்து, ஜப்பானியத்தில் இரண்டு மாத்திரை கொண்ட 'அடி' ஓர் அடிப்படை அலகாக இயங்குகிறது என்று காட்டினார். வீட்டுப் பேச்சைக் கூர்ந்து கேட்பதையே முதன்மைக் கருவியாகக் கொண்ட இத்தகைய மொழியியலுக்கு, விலையுயர்ந்த ஆய்வகங்களுக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு சிறு பங்காவது கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். ஹருகொ என்பது ஹருவுடன் உயர்குடி விகுதி சேர்ந்த மூன்று மாத்திரைப் பெயர். இரண்டு மாத்திரைக்கு மேல் இடமில்லாத செல்லப்பெயரில் முதலில் உதிர்வது கடைசியில் சேர்ந்த அந்தக் 'கொ'தான். ஆகவே வீட்டில் அவளை ஹரு-சன் என்று கூப்பிடும்போது, எடோ காலத்துக் கிராமத்துப் பெண்ணின் பெயரே மீண்டும் ஒலிக்கிறது.