காதில் கொளுத்திய திரி

"காதைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி, அழகு நிலையத்தில் காதில் மெழுகுத்திரி வைத்துக் கொளுத்தினார்கள். அணைத்ததும் அடிக்கட்டையைப் பிரித்துக் காட்டினார்கள், உள்ளே அவ்வளவு அழுக்கு! என் காதிலிருந்து வந்ததுதானா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். படமும் அனுப்பியிருந்தார். மஞ்சளும் பழுப்புமாகப் பொடி; பார்த்தால் அசல் காதுக் குரும்பிதான்.

நானும் ஒரு ஜோடி வாங்கினேன். தேன்மெழுகில் தோய்த்த துணியைச் சுருட்டிய குழாய், ஏறக்குறைய ஒரு சாண் நீளம். காலி டம்ளரை அட்டையால் மூடி, அட்டையில் துளை போட்டு ஒன்றைச் செருகிக் கொளுத்தினேன். பத்து நிமிடம் கழித்து அணைத்து, ஆறவிட்டு, கத்தரிக்கோலால் பிளந்தேன். அதே பொடி. டம்ளருக்கு ஏது குரும்பி? அரைகுறையாக எரிந்த மெழுகும் துணிக் கரியும்தான் அது.

விற்பவர்கள் சொல்வது புகைபோக்கிக் கணக்கு: சூடான காற்று மேலே போகும், அது கீழிருந்து அழுக்கை இழுக்கும். ஆனால் புகைபோக்கி இழுக்க வேண்டுமானால் கீழே காற்று நுழைய வழி வேண்டும். காதுக்குள் அந்தப் பக்கம் செவிப்பறை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒட்டிக்கிடக்கும் குரும்பியைப் பெயர்க்கிற அளவுக்கு உறிஞ்சல் வந்தால், 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தச் சவ்வின் கதி என்ன?

1996இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் காதுக்குழாய் மாதிரி ஒன்றில் இதை வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். உறிஞ்சலே இல்லை. 8 காதுகளில் சோதித்தபோது குரும்பி வரவில்லை. சில காதுகளில் திரியின் மெழுகுதான் புதிதாகச் சேர்ந்திருந்தது. 122 காது மூக்கு தொண்டை நிபுணர்களிடம் விசாரித்ததில், இந்தத் திரியால் காயம்பட்ட 21 சம்பவங்கள் தெரியவந்தன. எட்டுக் காதுகள் போதுமா என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லை என்று காட்ட யார் காசு கொடுப்பார்கள்? விற்கிறவர்களிடம் காசு இருக்கிறது; அளந்து காட்ட வேண்டியவர்களும் அவர்கள்தான். இன்னொரு கூத்து, இது அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோபி மக்களின் வைத்தியம் என்று சொல்லி விற்கிறார்கள். எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஹோபிகளே சொல்லிவிட்டார்கள்.

சரி, திரி இல்லாமல் காது எப்படிச் சுத்தமாகிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். கையிலோ காலிலோ தோல் அடியிலிருந்து வளர்ந்து, மேலே செத்து, இருந்த இடத்திலேயே உதிரும். காதுக்குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள முட்டுச்சந்து. அங்கே அப்படி உதிர்ந்தால் சில வருடங்களில் அடைத்துப்போகும். அதனால் அங்குள்ள தோல் நகர்கிறது. ஆமாம், பக்கவாட்டில் நகர்கிறது! செவிப்பறையின் நடுவில் மையால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வாரக்கணக்கில் கவனித்திருக்கிறார்கள். புள்ளி மெல்ல விளிம்புக்குப் போகிறது, பிறகு குழாய்ச் சுவரில் ஏறி வாசலை நோக்கி வருகிறது. வேகம் நாளுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், அதாவது விரல் நகம் வளரும் வேகம். தேரை இழுப்பது போல யாரும் இழுக்க வேண்டாம், தானாக வரும்.

குரும்பி உருவாவதே குழாயின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில்தான். எண்ணெய்ச் சுரப்பு, வியர்வைச் சுரப்பியின் உறவான இன்னொரு சுரப்பு, செத்த தோல், தூசி எல்லாம் கலந்த கலவை அது. நகரும் தோலில் ஏறிப் பயணம் செய்கிறது. நாம் மெல்லும்போது தாடை அசைவதில் தளர்ந்து விழுகிறது. நம் குரும்பி பிசுபிசுப்பாக இருக்குமா, பொரிப் பொரியாக உதிருமா என்பதைக்கூட ஒரே மரபணுவில் ஒரே ஓர் எழுத்து தீர்மானிக்கிறது. 2006இல் ஜப்பானியர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் பெரும்பாலோருக்கு உலர்ந்த வகைதான்.

இப்போது பட்ஸை நினைத்துப் பாருங்கள். வெளியே வந்துகொண்டிருப்பதை வாசலில் மறித்துத் திரும்ப உள்ளே தள்ளிவிடுகிறோம். ஊக்கு, ஹேர்பின், சாவி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கேட்ட வாசகிக்கு: காது அடைத்தது போல இல்லையென்றால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அடைத்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சொட்டு மருந்து விட்டு இளக்கி, கழுவியோ உறிஞ்சியோ எடுத்துவிடுவார். செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், அவர் பார்க்கும்வரை எண்ணெயோ தண்ணீரோ விடாதீர்கள். அப்புறம், திரி வைத்த காதில் இன்னும் மெழுகு ஒட்டியிருக்கிறதா என்றும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.