தெபசகி: சொல் விளக்கம்

உணவகப் பட்டியல்களில் 'டெபாசாகி' என்று அச்சாகும், கோழி இறக்கையின் ஒரு துண்டைக் குறிக்கும் இந்த ஜப்பானியச் சொல்லின் ஒலியை முதலில் சரிசெய்துகொள்வோம். தெ-ப-ச-கி, நான்கும் குறில். ஜப்பானியத் தகரம் நம் தகரத்தைப் போலவே பல்லைத் தொட்டுப் பிறப்பது. ஆங்கிலம் வழியாக வந்ததில்தான் அது டகரமானது. இரண்டாம் எழுத்தைக் 'கோபம்' என்பதில் வரும் பகரம்போல மென்மையாகச் சொல்ல வேண்டும். கடைசி எழுத்துக்கு மட்டும் 'சக்கரம்' என்பதில் கேட்கும் வல்லோசை.

'தெ' என்றால் கை. 'ஹ' என்றால் இறகு, சிறகு. கூட்டுச்சொல்லின் நடுவில் வரும்போது அந்த ஹகரம் பகரமாகத் திரிவதுண்டு. 'சகி' என்றால் நுனி, முன்பக்கம். ஆக 'தெப' என்பது பறவையின் கையாகிய இறக்கை. 'தெபசகி' என்பது அதன் முன்பாதி. சுடுவதையோ பொரிப்பதையோ குறிக்கும் எதுவும் இந்தச் சொல்லில் இல்லை. இது பதார்த்தத்தின் பெயரே அல்ல, கறித்துண்டின் பெயர். நகோயா நகரத்தின் பேர்பெற்ற தெபசகி எண்ணெயில் பொரித்து, இனிப்பும் உப்புமான சாறு பூசி, மிளகும் எள்ளும் தூவியது. முன்பு சூப்புக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த மலிவான துண்டு, 1960-களில் அந்த ஊர்க் கடைகளில்தான் இப்படித் தட்டுக்கு வந்தது. கோழிக்கறியைக் கம்பியில் கோத்துச் சுடும் யகிதோரிக் கடையில் அதே துண்டு கரி நெருப்பில் சுடப்படுகிறது. அதனால் 'தெபசகி செய்வது எப்படி' என்று கேட்டால், எந்தத் தெபசகி என்று திருப்பிக் கேட்பதுதான் முறை.

தமிழில் என்ன சொல்லலாம்? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இறக்கை நுனி' வரும். அது தவறான துண்டை வாங்க வைத்துவிடும். கோழியின் இறக்கையில் மூன்று கண்டங்கள் உண்டு: உடம்போடு ஒட்டிய ஒற்றை எலும்புத் துண்டு, இரட்டை எலும்புள்ள நடுத்துண்டு, சதையில்லாத நுனி. முதலாவது 'தெபமோதோ', 'மோதோ' என்றால் அடி. நடுத்துண்டு மட்டும் தனியாக வந்தால் 'தெபநகா'. நடுத்துண்டும் நுனியும் சேர்ந்ததே தெபசகி. நம் கையோடு ஒப்பிட்டால் முழங்கைக்குக் கீழ் உள்ளது முழுவதும். அந்தப் பகுதிக்குத் தமிழில் முன்கை என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. முன்கைபோல் 'முன்னிறக்கை' என்று வைத்துக்கொண்டால் துண்டும் துல்லியமாகப் புரியும், ஜப்பானியச் சொல்லுக்குள் இருக்கும் 'கை'யும் விட்டுப்போகாது. கறிக்கடையில் மட்டும் "விங்ஸ்ல லெக் மாதிரி இருக்கிற துண்டு வேண்டாம், மிச்ச ரெண்டும் சேர்ந்தாப்ல குடுங்க" என்று கேட்டால்தான் கிடைக்கும்.

அடுத்து, யகிதோரி என்பதில் வரும் 'யகி'. 'யகு' என்ற வினைக்குத் தமிழில் 'சுடு' என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. கறி சுடுவதும் யகு, மண்பாண்டம் சுடுவதும் யகு. பணியாரச் சட்டிபோல் குழிக்குழியான கல்லில் ஒசாகாக்காரர்கள் சுடும் உருண்டைக்குத் தகோயகி என்று பெயர். நாமும் அப்பளம் சுடுகிறோம், தோசை சுடுகிறோம், பணியாரம் சுடுகிறோம், செங்கல்லும் சுடுகிறோம். 'கிரில்' இங்கே உதவாது. நம் ஊரில் 'கிரில் சிக்கன்' என்றாலே கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் சுழலும் முழுக்கோழிதான். 'வாட்டிய' என்பதும் ஒட்டாது. வாட்டுவது வாழையிலையைப்போல இளஞ்சூட்டில் துவளவைப்பது, இங்கே தோல் மொறுமொறுக்க வேண்டும். எனவே உப்பு மட்டும் தடவிய 'ஷியோயகி'யை உப்பிட்டுச் சுட்ட முன்னிறக்கை என்றும், சாறு பூசிய 'தரெ' வகையைச் சாறு பூசிச் சுட்டது என்றும் தயங்காமல் சொல்லலாம். 'தெரியகி' என்பதில் 'தெரி' என்றால் பளபளப்பு, பளபளக்கச் சுட்டது.

கம்பியில் கோத்துச் சுடுவதற்கும் நம்மிடம் பழைய சொல் உண்டு. கரிகாலனின் விருந்தைப் பாடும் பொருநராற்றுப்படை 'காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை' என்கிறது. காழ் என்பது கறி கோக்கும் கம்பி, கோழூன் கொழுங்குறை என்பது கொழுத்த கறித்துண்டு. அடுத்த வரியில், சூடு தாங்காமல் கறியை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒற்றி உண்கிறார்கள். யகிதோரி உண்ணும் பக்குவமும் அதுதான், நெருப்பிலிருந்து நேராக வாய்க்கு.

வீட்டில் செய்ய 8 முன்னிறக்கைகள், ஏறத்தாழ 500 கிராம், எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கையைத் தோல் மெல்லியதாக இருக்கும் உட்புறம் மேலே வரும்படி பலகையில் வையுங்கள். நடுத்துண்டின் இரண்டு எலும்புகளில் ஒன்று தடித்தது, ஒன்று குச்சிபோல் மெலிந்தது; விரலால் அழுத்தினால் இடையில் பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தில் கத்திமுனையை இறக்கி நீளவாக்கில் கீறி, துண்டை லேசாக விரித்துவிடுங்கள். வெளிப்புறத் தோலைக் கத்தி தொடக் கூடாது. இந்த ஒரு கீறலை விட்டுவிடுவதால்தான் பல வீடுகளில் தோல் கருகியும் எலும்போரம் வேகாமலும் போகிறது.

உப்பு, எடையில் 1 விழுக்காடு: 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. தடவி 30 நிமிடம் வைத்தால் நீர் கசியும். அதைத் துணியால் ஒற்றி எடுத்தே தீர வேண்டும். ஈரம் இருக்கும்வரை தோல் அவியும், சுடப்படாது. நேரமிருந்தால் மூடாமல் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்துத் தோலை உலரவிடுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கரியில் சுடுவதானால் இரண்டு செங்கற்களுக்கு நடுவே கரியைப் பரப்பி, சாம்பல் பூத்த பிறகு, இறக்கைகளைக் கோத்த கம்பிகளைக் கல்லின் மேல் குறுக்காக வையுங்கள். யகிதோரி அடுப்பிலும் வலைத்தட்டு இருக்காது. அதனால் தோல் எதிலும் ஒட்டிக் கிழிவதில்லை. 12 முதல் 15 நிமிடம், அடிக்கடி திருப்ப வேண்டும். பாதிக்கு மேற்பட்ட நேரம் தோல் பக்கமே நெருப்பைப் பார்க்கட்டும். கொழுப்பு சொட்டித் தீ எழும், அந்தப் புகைக்கரி கசக்கும். கம்பியை நகர்த்த ஓரத்தில் கரியில்லாத இடம் கொஞ்சம் விடுங்கள். மின்னடுப்பு (oven) என்றால் 220 டிகிரி செல்சியஸ், கம்பித்தட்டின் மேல் 25 முதல் 30 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பினால் போதும்.

சாறுக்கு, சோயா சாஸ் 100 மி.லி., மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது) 100 மி.லி., சர்க்கரை 2 தேக்கரண்டி. சிறுதீயில் மூன்றில் இரண்டு பங்காகச் சுண்டவிடுங்கள். ஆறினால் இன்னும் கெட்டிப்படும் என்பதால் அதற்கு மேல் சுண்டக் கூடாது. மிரின் மது கலந்தது. வேண்டாதவர்கள் 75 மி.லி. தண்ணீரில் 35 கிராம் சர்க்கரை கரைத்துக்கொள்ளலாம், பளபளப்பு சற்றுக் குறையும். சீன 'டார்க்' சோயா சாஸ் ஊற்றினால் வேகுமுன்பே நிறம் கறுத்து, வெந்துவிட்டதாக ஏமாற்றும். சாற்றைக் கடைசி 4 நிமிடத்தில்தான் பூச வேண்டும், மெல்லியதாக, மூன்று தடவை. முன்கூட்டிப் பூசினால் சர்க்கரை கருகிவிடும்.

வெந்ததா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் சிவப்பு, முழுக்க வெந்த பிறகும் எலும்போரம் தங்கும். சதைக்குள் வெப்பமானி 74 டிகிரி காட்டினால் பயமில்லை. 80-ஐத் தாண்டினால்தான் இறக்கையின் நார்த்தன்மை இளகி, அந்த மெலிந்த எலும்பு முறுக்கி இழுத்ததும் சுத்தமாகக் கழன்று வரும்.